அண்ணப்பிளவு உள்ள பிள்ளைக்குக் காது காட்ட, சென்னை டி.எச். ரோடு கிளினிக்

நாலு ஸ்டார். ஒன்று குறைந்தது டாக்டரால் இல்லை, உட்காரும் இடத்தால். சாயங்காலம் போனால் டோக்கன் வாங்கிக்கொண்டு படிக்கட்டில்தான் நிற்க வேண்டும், கீழே லாரிக்காரர்கள் ஹாரனில் கை வைத்தால் எடுப்பதில்லை. காது பார்க்கிற கிளினிக்குக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

என் மகளுக்கு அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேல்பக்கம் சேராமல் பிளந்தபடி பிறந்தாள். தைத்து முடித்த பிறகும் சளி பிடித்தால் போதும், காதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க அழுவாள். முன்பு காட்டிய இடத்தில் சொட்டு மருந்து எழுதி, தலைக்கு ஊற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இங்கே டாக்டரம்மா படம் வரைந்தே காட்டினார். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது, நாம் விழுங்கும்போது அண்ணத்துத் தசை இழுத்து அதைத் திறக்கும். பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தசை சரியான இடத்தில் சேர்ந்திருக்காது, அதனால் குழாய் ஒழுங்காகத் திறக்காமல் உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. தைத்துவிட்டால் உடனே சரியாகிவிடும் என்றும் இல்லை, சில பிள்ளைகளுக்கு ஆறேழு வயது வரை, அதற்கு மேலும்கூட இழுக்குமாம். உதடு மட்டும் பிளந்திருந்தால் காதுக்கு இவ்வளவு தொல்லை வராது.

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். படுக்கவைத்துப் பாட்டில் பால் கொடுக்கிறீர்களா, பால்வாடிக்குப் போகிறாளா (அங்கே ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் எல்லாப் பிள்ளைக்கும் சளிதான்), நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்றா, வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள். மாமனார் பால்கனியில்தான் பிடிக்கிறார் என்றேன். "புகை துணியோட உள்ள வரும்மா, தெருவுக்கு அனுப்புங்க" என்றார். அதை மாமனாரிடம் யார் சொல்வது, அதுதான் எங்கள் வீட்டில் இப்போது பிரச்சினை.

வலி இல்லாத நாளிலும் டிம்பனோமெட்ரி (காதுக்குள் காற்றழுத்தம் கொடுத்து செவிப்பறை எப்படி அசைகிறது என்று கோடாக வரைந்து காட்டும் டெஸ்ட்) எடுத்தார்கள், இதற்காகவே இந்த இடத்தைச் சொல்வேன். கோடு மேலே ஏறாமல் தட்டையாக வந்தது, அப்படியென்றால் உள்ளே நீர் இருக்கிறது. வலியே இல்லாமல் மாதக்கணக்கில் நீர் நிற்குமாம், காது மந்தமாகும், பேச்சு வர வேண்டிய வயதில் பேச்சும் பின்தங்கும். கூப்பிட்டால் திரும்பாததை அடம் என்று நினைத்துத் திட்டுகிற வீடுகள் எத்தனையோ. கொஞ்ச நாள் விட்டு மறுபடி பார்க்கலாம், அப்போதும் நீர் வற்றாமல் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் குரோமெட் வைக்கலாம் என்றார். செவிப்பறையில் வைக்கிற சின்னக் குழாய் அது, பெரும்பாலும் ஒரு வருஷம் முன்னே பின்னே தானாகவே விழுந்துவிடும். மூக்கின் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையை எடுத்துவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, அண்ணப்பிளவு உள்ள பிள்ளைக்கு அவசரப்பட்டு எடுத்தால் பேச்சு மூக்கு வழியாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் இங்கே கிடையாது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். பீஸ் நியாயம்தான், டெஸ்டுக்குத் தனிக் காசு. டெஸ்ட் எடுக்கிறவர் எல்லா நாளும் வருவதில்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அண்ண ஆபரேஷன் டிஸ்சார்ஜ் பேப்பரையும் எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.