கமாண்டோ பேனரும் பீம் கம்பியும்: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ராணுவப் பயிற்சி மையம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை வகுப்புக்கு நாலரை ஸ்டார், 'கமாண்டோ பேக்கேஜ்' என்று தனியாக வாங்கும் காசுக்கு ஒரு ஸ்டார். இரண்டும் ஒரே மையம், ஒரே மைதானம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இடம் பாளையங்கோட்டையைத் தாண்டி திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம். பெயர் போடவில்லை, என் அக்கா மகன் இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறான். அதோடு வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் இதே அச்சில் மையங்கள் இருக்கின்றன, நான் சொல்வது பாதிக்கு மேல் அவற்றுக்கும் பொருந்தும்.

பேனரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பையன்கள் விழுவது அங்கேதான். ஒரு பக்கம் நாலு கண் வைத்த இரவுக் கண்ணாடியோடு ஒருவர் நிற்கிறார், தோளில் அமெரிக்கக் கொடி இருப்பதை அச்சடித்தவர் கவனிக்கவில்லை போல. இன்னொரு பக்கம் கருப்பு உடையில் என்.எஸ்.ஜி. (தேசிய பாதுகாப்புப் படை) வீரர். நடுவில் பெரிய எழுத்தில் 'நீங்களும் ஆகலாம் பாரா கமாண்டோ'. மூன்றும் மூன்று வேறு சங்கதி. 1984இல் தொடங்கிய என்.எஸ்.ஜி. ராணுவத்தின் படைப்பிரிவே கிடையாது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்கள்தான் அங்கே போகிறார்கள். பாரா கமாண்டோ என்கிற பாரா எஸ்.எஃப். (ஸ்பெஷல் ஃபோர்சஸ், அதாவது சிறப்புப் படை) ராணுவத்தின் பாராசூட் ரெஜிமென்டைச் சேர்ந்தது, 1965 போரில் மேஜர் மேக் சிங் திரட்டிய சின்னக் குழுவில் இருந்து வளர்ந்து, அடுத்த வருடமே முறையான பட்டாலியன் ஆனது. அமெரிக்கர் எதற்கு நிற்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, உள்ளே போவோம்.

பயிற்சி கொடுப்பவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். பட்டாள வழக்கப்படி பையன்கள் அவரை 'உஸ்தாத்' என்கிறார்கள், பெற்றோர் 'அண்ணாச்சி' என்கிறார்கள், இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். காலை ஐந்துக்கு ஓட்டம். ராணுவத்துக்கு நான்கு வருடத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வுக்குத்தான் இதெல்லாம், அதில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி வந்தால்தான் முழு 60 மதிப்பெண். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவனுடைய ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் நோட்டில் எழுதுகிறார், முதல் சுற்றில் பாய்ந்துவிட்டுக் கடைசியில் நாக்குத் தள்ளுகிறவனைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் காட்டுகிறார். எனக்கு மிகவும் பிடித்தது பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பதை, எடுக்க வைக்கும் விதம். மற்ற இடங்களில் கம்பியில் தொங்கி எப்படியாவது பத்து எண்ணினால் போதும், 'சூப்பர்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவர் கம்பிக்குப் பக்கத்திலேயே நின்று, கை முழுசாக நீளாமல் எடுத்தால் எண்ண மாட்டார். "இறங்கு முழுசா. இன்னும். ம், இப்ப ஏறு. காலை உதறாதல, அங்க உன்னை எண்ணுதவன் உங்க மாமா இல்ல." என் அக்கா மகன் முதல் வாரம் 'எட்டு எடுத்தேன்' என்று வீட்டில் சொன்னான், உஸ்தாத் கணக்கில் அது மூன்று. உள்ளங்கைத் தோல் உரிந்து பிளாஸ்திரி போட்டுக்கொண்டு போனவன் இப்போது பத்தைத் தொட்டுவிட்டான். பத்துக்கு 40 மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது, வளைந்து போகும் கட்டை மேல் நடக்கிற ஜிக்ஜாக் பேலன்ஸ் இரண்டுக்கும் பாஸ், ஃபெயில் மட்டும்தான், அதில் அதிக நேரம் வீணாக்குவதில்லை.

மெடிக்கலையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிறார். முழங்கால் முட்டுகிறதா, பாதம் தட்டையா, நிறம் பிரித்துப் பார்க்க வருகிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து பணம் கட்டு என்கிறார். ஆறு மாதம் காசு வாங்கிவிட்டுக் கடைசியில் கையை விரிக்கும் இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வகையில் இது நேர்மையான மனிதர் நடத்தும் வகுப்பு.

இந்த மையத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது சனிக்கிழமை சாயந்திர வகுப்புக்கு. விளம்பரத்திலேயே கிடையாது, தனிக் கட்டணமும் இல்லை. பெற்றோரும் உட்காரலாம், நான் ஓசியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆற்று மணலைக் குவித்து, செங்கல்லை மலையாக வைத்து, சாக்பீஸ் துண்டுகளை ஆட்களாக வைத்து நடத்துகிறார். பட்டாளத்தில் இதற்கு சேண்ட் மாடல் என்று பெயராம். அன்றைக்குக் கார்கில். ஒரு பையன் வழக்கமான கேள்வியைக் கேட்டான், "உஸ்தாத், இவ்வளவு கஷ்டமான மலைக்கு கமாண்டோவை அனுப்பி முடிச்சிருக்கலாம்லா?"

அவர் செங்கல் மேல் நாலைந்து சாக்பீஸை வைத்தார். மேலே உட்கார்ந்திருப்பவன் ஒருத்தன் என்றால் சமவெளியிலேயே கீழே இருந்து மூன்று பேர் போக வேண்டும், மலை என்றால் அதைவிடக் கூடுதலாக வேண்டும், அதிலும் போய் அடித்தால் மட்டும் முடியாது, பிடித்த இடத்தில் அன்றைக்கு ராத்திரி எதிரி திரும்பி அடிக்கும்போது அங்கேயே உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும், அவனுக்குத் தண்ணீரும் குண்டும் சுமந்து ஏற ஆள் வேண்டும், கீழே இருந்து பீரங்கி வேண்டும். 1999இல் தோலோலிங் மலையைக் கடைசியில் பிடித்தது 2ஆவது ராஜ்புதானா ரைஃபிள்ஸ் பட்டாலியன், டைகர் ஹில் உச்சிக்கு ஏறியது 18ஆவது கிரனேடியர்ஸ் பட்டாலியன். இரண்டும் சாதாரண காலாட்படை. பாரா எஸ்.எஃப். ஆட்களும் அந்தப் போரில் இருந்தார்கள், ஆனால் மலைமலையாகப் பிடித்து உட்கார்ந்த வேலை பெரும்பாலும் இந்தக் காலாட்படையுடையது. காலாட்படை பட்டாலியன் என்றால் சுமார் எண்ணூறு பேர், அதில் கடைசித் துண்டு பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன். எஸ்.எஃப். வேலை செய்வது கைவிரலில் எண்ணக்கூடிய சின்னக் குழுக்களாக. எதிரி இருக்கும் பகுதிக்குள் போய்ப் பார்த்துச் சொல்வது, பாலத்தையோ கிடங்கையோ தகர்ப்பது, பிணைக்கைதிகளை மீட்பது, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பிடிப்பது. வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அங்கேயே நின்று சண்டை போட அவர்களிடம் ஆளும் இருக்காது, குண்டும் இருக்காது. 2016 செப்டம்பரில் சர்ஜிக்கல் ஸ்ட்ரைக் என்று காஷ்மீரில் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனதும் அந்த மாதிரிதான், அடித்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் காலையில் அதே கோட்டில் துப்பாக்கியோடு நின்றது வழக்கமாக நிற்கிற சிப்பாய்.

அப்புறம் அவராகவே சொன்னது எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடித்துக்கொண்டது. நெல்லையப்பர் தேரில் சக்கரத்தடியில் கட்டை போட்டுத் திருப்புகிறவர்கள் சில பேர்தான், கொஞ்சம் பிசகினால் ஆள் நசுங்கிவிடும், அந்த வேலைக்கு எல்லாரும் போக முடியாது. ஆனால் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கை இல்லையென்றால் அவர்கள் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தோற்ற கதையையும் மறைக்காமல் சொன்னார், அதற்காகவே அவர் மேல் மரியாதை. 1987 அக்டோபர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம். புலிகளின் தலைமையைப் பிடிக்க 10ஆவது பாரா கமாண்டோ பட்டாலியன் ஆட்களையும் 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை பட்டாலியன் ஆட்களையும் ராத்திரியில் ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். தகவல் முன்கூட்டியே புலிகளுக்குப் போய்விட்டது. இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் முப்பது பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் சண்டை போட்டுக்கொண்டே தாக்குப்பிடித்து, உதவி வந்து சேர்ந்த பிறகுதான் வெளியே வர முடிந்தது. ரகசியம் போனால் சிறப்புப் படையிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம் ஆட்களும் கொஞ்சம் குண்டும்தான். இதை அவர் சொன்னபோது அந்தக் கேள்வி கேட்ட பையன் மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தான், வேறு கேள்வி கேட்கவில்லை.

நம்ம ஆட்களுக்கு வீரம் என்றாலே பாரா ஆட்களின் மெரூன் தொப்பிதான் ஞாபகம் வருகிறது, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. 2014இல் சோபியானில் இறந்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி, 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தார். 2020இல் கல்வானில் இறந்து வீர் சக்ரா பெற்ற ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி பீரங்கிப் படைக்காரர். இரண்டு பேருமே சிறப்புப் படை கிடையாது.

இப்போது அந்த ஒரு ஸ்டார் சமாச்சாரம். மாதம் 2,500 ரூபாய் சாதாரணக் கட்டணம், நியாயம்தான். கமாண்டோ பேக்கேஜ் என்றால் 6,000. இதை நடத்துவது உஸ்தாத் இல்லை, மையத்தின் முதலாளி கூட்டி வந்த ஒரு ஜிம் தம்பி. கருப்பு டீசர்ட்டில் சேற்றில் ஊர்வது, கயிற்றில் ஏறுவது, எரிகிற வளையத்துக்குள் குதிப்பது, எல்லாவற்றையும் டிரோன் வைத்து வீடியோ எடுப்பது. பார்க்க நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அக்னிவீர் தேர்வில் 'கமாண்டோ' என்று ஒரு பிரிவே கிடையாது. ஜெனரல் டியூட்டி, டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன், அவ்வளவுதான். பாரா எஸ்.எஃப். போக வேண்டுமென்றால் முதலில் பட்டாளத்துக்குள் போய், தானாக முன்வந்து, மாதக்கணக்கில் ப்ரொபேஷன் என்ற வடிகட்டலைத் தாண்ட வேண்டும், அதில் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். எரிகிற வளையத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செங்கல் நிரப்பிய பையோடு தார் ரோட்டில் ஓடவிட்டதில் என் அக்கா மகனுக்கு முன்னங்கால் எலும்பில் வலி வந்து, ராலிக்கு, அதாவது ஆள் எடுப்பு முகாமுக்கு, பழக வேண்டிய நாட்களில் வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு கிடந்தான். பணத்தைத் திரும்பக் கேட்டேன், 'அடுத்த பேட்ச்சில் சேர்த்துக்கறோம் சார்' என்றார்கள். வேண்டாம் என்று சாதாரண வகுப்புக்கே மாற்றிவிட்டேன்.

பேக்கேஜில் சேர்ந்தால் 450 ரூபாய்க்கு ஒரு டீசர்ட்டும் வாங்கியே ஆக வேண்டும். நெஞ்சில் பலிதான் சின்னம். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கிளவுஸில் இருந்ததே, ஐ.சி.சி. எடுக்கச் சொன்னதே, அதே சின்னம். பாரா எஸ்.எஃப். வீரர்கள் மட்டும் அணிவது. பாராசூட் ரெஜிமென்டில் எல்லாருக்கும் மெரூன் தொப்பி உண்டு, இந்தச் சின்னம் எல்லாருக்கும் கிடையாது. அதை மாட்டிக்கொண்டு பதினெட்டு வயசுப் பையன் வண்ணார்பேட்டையில் புரோட்டா தின்னுகிறான். உஸ்தாத் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. ஒரு தடவை கேட்டேன், "முதலாளி ஏற்பாடு அண்ணாச்சி, நான் என்ன சொல்லுதது" என்று சிரித்துவிட்டு நோட்டைத் திறந்துகொண்டார்.

இன்னொரு குறை, எழுத்துத் தேர்வு. 2023இல் இருந்து ஆன்லைன் தேர்வு முதலில், ஓட்டம் அப்புறம். அதில் தேறாதவன் ஐந்து நிமிடத்தில் ஓடினாலும் மைதானத்தையே பார்க்க முடியாது, தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும் வேறு. இங்கே வாரத்துக்கு இரண்டு நாள்தான் வகுப்பு, அதுவும் ஜெராக்ஸ் தாள் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். கணக்குக்கு வெளியே தனி ட்யூஷன் போட்டோம். நான்கு வருடம் முடிந்து 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம் என்பதையும் சேரும்போது அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை வகுப்பில் ஒரு அம்மா எழுந்து கேட்டபிறகுதான் உஸ்தாத் விவரமாகச் சொன்னார்.

தங்கிப் படிக்கிறவர்களுக்கு ஹாஸ்டல் சுமார். சாப்பாடு பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை கோழி, நடுவில் ஒரு நாள் சொதி. பாத்ரூம்தான் ஆள் கணக்குக்குப் பத்தாது, வெள்ளனயே எழுந்தால் பிழைத்தீர்கள். நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டிப் பக்கம் இருந்து முதல் பஸ்ஸில் வர முடியாதவர்கள் தவிர மற்றவர்கள் வீட்டில் இருந்தே போய்வருவது நல்லது.

சேர்க்கப் போனால் காலை வகுப்பு மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பேக்கேஜ் பற்றி மறுபடி மறுபடி பேசுவார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். காசு கட்டும்போது எந்த வகுப்புக்கு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், அவர்களாகக் கொடுப்பதில்லை, கேட்டால் கொடுக்கிறார்கள்.