மூணு யூனிட்டுக்கும் ஒரே பட்டியல்: கிளவுட் ஆக்சஸ் கன்ட்ரோலோடு எங்கள் அனுபவம்

எங்கள் கம்பெனிக்குத் திருப்பூரில் மூன்று இடத்தில் கட்டடம். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஆபீஸ், சாம்பிள் ரூம், கட்டிங், பேக்கிங். பெருமாநல்லூர் பக்கம் தையல் யூனிட். காங்கயம் ரோட்டில் துணியும் அக்சசரீஸும் வைக்கிற குடோன். மூன்றுக்கும் அட்மின் பொறுப்பு என்னுடையது. கார்டு காட்டித் திறக்கிற கதவுகளை கிளவுட்டுக்கு, அதாவது யாருக்கு எந்தக் கதவு என்ற பட்டியலை இன்டர்நெட் வழியாக விற்ற கம்பெனியின் சர்வரில் வைக்கிற முறைக்கு, மாற்றி மூணு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று இந்த ஊர் நண்பர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் மாற்றிய காரணம். திருப்பூரில் ஆள் நிற்பதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறவர் திங்கட்கிழமை வேறு கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்திருப்பார். டெய்லர் மட்டுமில்லை, சூப்பர்வைசர், செக்கிங், மெர்ச்சண்டைசர் வரைக்கும் இதே கதைதான். பழைய சிஸ்டத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு சாஃப்ட்வேர். ஒருவர் வேலையை விட்டால் மூன்று இடத்திலும் அவர் கார்டைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஐடி பையன் பைக்கில் போய் எடுத்துவிட்டு வருவான். ஷிப்மென்ட் நெருக்கடி இருந்தால் அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதுவரைக்கும் போனவர் கையில் இருக்கிற கார்டு சாம்பிள் ரூமைத் திறக்கும். அடுத்த சீசன் ஸ்டைல் எல்லாம் தொங்குகிற அறை அது.

இன்னொரு காரணம் பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனிக்காக நடக்கிற சோதனை. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு சி-டீபேட் தெரிந்திருக்கும். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, 2001 நவம்பரில் அமெரிக்க சுங்கத்துறை தொடங்கிய சரக்குப் பாதுகாப்புத் திட்டம். பேக்கிங் ஏரியாவுக்குள் யார் போகலாம், கார்டை யார் கொடுத்தது, வேலையை விட்டவரிடம் எப்போது திரும்ப வாங்கி ரத்து செய்தீர்கள் என்று ஆடிட்டர் வரிசையாகக் கேட்பார். முன்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவோம். இப்போது பேரைத் தட்டினால் கார்டு கொடுத்த நாள், எடுத்த நாள், எடுத்தது யார் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆடிட் அன்றைக்கு இருந்த பாதிப் பதற்றம் இதனாலேயே போனது.

கிளவுட் என்றதும் கதவு இன்டர்நெட்டில்தான் திறக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நல்ல சிஸ்டத்தில் அப்படி இல்லை. கார்டைக் காட்டினால் ரீடர் அதன் எண்ணை, கதவுக்கு மேலே பெட்டியில் இருக்கிற கன்ட்ரோலருக்கு அனுப்பும். கன்ட்ரோலர் தன் மெமரியில் வைத்திருக்கிற பட்டியலைப் பார்த்துப் பூட்டைத் திறந்துவிடும். கிளவுட்டின் வேலை அந்தப் பட்டியலை வைத்திருப்பதும் மாற்றம் வந்தால் கீழே அனுப்புவதும்தான். நெட் லைன் இல்லாத நேரத்தில் நடந்ததை எல்லாம் கன்ட்ரோலரே சேர்த்து வைத்து, லைன் வந்ததும் மேலே அனுப்பிவிடும். வாங்குவதற்கு முன் டெமோ கேளுங்கள்; டெமோவில் முதல் வேலையாக நெட் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த ஒரு கம்பெனியின் மெஷின் கேபிளைப் பிடுங்கியதும் சிவப்பு லைட்டோடு நின்றுவிட்டது. எவ்வளவு விலை குறைத்தாலும் அதை வாங்க மனசு வரவில்லை.

ஆனால் இதிலேயே யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. லைன் இல்லாதபோது கன்ட்ரோலர் பழைய பட்டியலை வைத்துத்தான் வேலை செய்யும். அதாவது, நீங்கள் இப்போது ரத்து செய்த கார்டும் அந்தக் கதவில் திறக்கும். தையல் யூனிட்டில் இது நேராகவே நடந்தது. பைப் லைனுக்கு ரோட்டைத் தோண்டியதில் ஃபைபர் அறுந்து கிடந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு சூப்பர்வைசர் சண்டை போட்டுக்கொண்டு கணக்கு முடித்துக் கிளம்பினார். நான் ஆபீசிலிருந்தே கார்டை எடுத்தேன். ஆப்பில் பேருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி மாறவே இல்லை. அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். உடனே யூனிட் வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ணா, அவரு கார்டு வாங்கீட்டீங்களா?"

"இல்லீங்களே. ஆபீஸ்ல குடுத்துட்டேன்னு சொல்லீட்டுப் போனாருங்க."

"லைன் வர்ற வரைக்கும் அந்தக் கதவாண்டயே நில்லுங்ணா. பொழுதோட ஆள் மாத்தி உடறேன்."

லைன் வந்து மஞ்சள் பச்சையான பிறகுதான் அவரை அங்கிருந்து நகரச் சொன்னேன். அந்த வாரமே மூன்று இடத்திலும் 4ஜி சிம் போட்ட ரௌட்டர் வைத்தோம்; ஃபைபர் போனால் தானாக சிம்முக்கு மாறிக்கொள்ளும். கதவுச் செய்திக்கு டேட்டா மிகக் கொஞ்சம்தான் செலவாகிறது. கிளவுட் சிஸ்டம் வாங்குகிற எவருக்கும் இந்த இரண்டாவது லைன் கட்டாயம் என்றே சொல்வேன். சந்தா விலையைச் சொல்கிற விற்பனையாளர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்தது பூட்டு. மூணு வருஷத்தில் எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி கிளவுட்டிலோ ஆப்பிலோ இல்லை, கதவிலும் கரண்டிலும்தான். பெரும்பாலான கதவில் காந்தப் பூட்டு போட்டிருக்கிறோம், 280 கிலோ இழுவை தாங்கும் என்று லேபிள் ஒட்டிய சாதாரண ரகம். கதவு நிலையில் காந்தம், கதவில் ஒரு இரும்புத் தகடு. அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தகடு லேசாக ஆட வேண்டும், அப்போதுதான் கதவு கொஞ்சம் கோணலாகச் சாத்தினாலும் காந்தத்தோடு முழுசாக ஒட்டும். மாட்ட வந்தவர் அதை ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுப் போயிருந்தார். ஆடாத தகடு ஓரத்தில் மட்டும் ஒட்டியது; தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கதவு திறந்துகொண்டது. போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. உங்கள் கதவு சந்தேகமாக இருந்தால் முதலில் தகட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

பேக்கிங் கதவில் வேறு மாதிரி. கதவு சாத்தியிருக்கும், ஆனால் பூட்டு பிடிக்கவில்லை என்று ஆப்பில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், காந்தத்தின் முகத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை மூன்று நான்கு அடுக்காக மடித்து ஒட்டியிருந்தார்கள். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் அந்தத் தடிமன் வந்தாலே பிடிப்பு மொத்தமாகத் தளர்ந்துவிடும். ஒட்டியது யார் என்று நான் தேடவில்லை. ஏன் ஒட்டினார்கள் என்று பார்த்தேன். அயர்னிங்கிலிருந்து பீஸை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு வருகிறவர்கள் கழுத்தில் இருக்கிற கார்டை எப்படி எடுத்துக் காட்டுவார்கள்? ரீடரை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, கார்டை இழுத்தால் நீளுகிற கயிற்றோடு இடுப்பில் மாட்டக் கொடுத்தோம். டேப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. பூட்டு பிடித்ததா என்று சொல்கிற சென்சார் உள்ள காந்தத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. அது இல்லையென்றால் இந்த விஷயமே எங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

காந்தப் பூட்டுக்குக் கரண்ட் போனால் கதவு திறந்துகொள்ளும். உயிருக்கு அதுதான் பாதுகாப்பு, சரக்குக்கு அது ஆபத்து. ஒரு பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிற 7 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி, ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கதவை எட்டு மணி நேரம்கூட முழுசாகத் தாங்காது. பேட்டரி பழசானால் அதில் பாதிதான். மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு நாளில் ஜெனரேட்டர் ஓடும், கவலையில்லை. தீபாவளிக்கு ஊரே காலியான பிறகு மழையில் கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட யார் இருப்பார்கள்? அதனால் குடோனில் ராத்திரிக்கு ஷட்டரும் பழைய திண்டுக்கல் பூட்டும்தான் காவல். கார்டு கதவு பகலுக்கு மட்டும். சர்வர் ரூமுக்குக் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கிற ஸ்ட்ரைக் ரகப் பூட்டு. உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகி வெளியே வந்துவிடலாம்.

தீ விஷயத்தில் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன். 2012 நவம்பரில் டாக்காவுக்குப் பக்கத்தில் தஸ்ரீன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது, வெளியேறும் வழியில் கதவு பூட்டியிருந்ததால் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்தார்கள். நம்மைப் போலவே துணி தைத்தவர்கள். 2025 வரைக்கும் அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-வது பிரிவு தீ நேரத்தில் தப்பிக்கும் வழியைப் பற்றியும் பேசியது. எங்கள் தையல் ஹாலின் எந்த வெளியேறும் கதவிலும் காந்தப் பூட்டு கிடையாது. மற்ற கதவுகளில் ஃபயர் அலாரம் பேனலிலிருந்து ஒரு வயர் நேராகப் பூட்டின் கரண்ட் பாதைக்குப் போகிறது. அலாரம் அடித்த நொடியில் பூட்டு செத்துவிடும். கிளவுட், கன்ட்ரோலர், ஆப் எதையும் அது கேட்காது. அலாரம் வந்தால் கிளவுட் வழியாக எல்லாக் கதவையும் திறந்துவிடலாம் என்று ஒரு சேல்ஸ்மேன் என்னிடம் சொன்னார். தீயில் முதலில் கருகுவது கேபிள்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவுக்குப் பக்கத்திலேயே, அவசரத்தில் உடைத்தால் பூட்டைத் திறந்துவிடுகிற பச்சை நிறப் பெட்டியும் வையுங்கள். மாதம் ஒரு தடவை அலாரத்தை அடித்து, ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பாருங்கள்.

கார்டு பற்றிக் கொஞ்சம். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற 125 கிலோஹெர்ட்ஸ் கார்டில் பாதுகாப்பு என்று எதுவுமே கிடையாது. கையடக்கக் கருவி ஒன்றில் சில நொடியில் நகல் எடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியக் குறியீட்டை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே உடைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதைப் பாதுகாப்பான கார்டு என்று விற்கிறார்கள். நாங்கள் அதைவிடப் பலமான டெஸ்ஃபயர் ரகக் கார்டுக்குப் போனோம், விலை கூடத்தான். ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் ஓடுகிற வயரையும் கேளுங்கள். பழைய வீகண்ட் முறையில் கார்டு எண் மறைக்காமல் அப்படியே போகும். ரீடரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன போர்டு வைத்தால் எல்லா எண்ணையும் பிடித்துவிடலாம். ஓஎஸ்டிபி முறையில் மறையாக்கம் செய்து அனுப்ப முடியும், அதையும் மாட்டுகிறவர் ஆன் செய்திருக்க வேண்டும். கார்டை மட்டும் நல்லதாக வாங்கி வயரைப் பழசாக விட்டால் போட்ட காசு வீண்.

கைரேகை வேண்டாம் என்று முடிவு செய்தோம். பனியன் துணியின் பஞ்சு கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கிறது, வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகையும் சரியாக விழுவதில்லை. ஷிப்ட் தொடங்குகிற நேரத்தில் ஒருவர் விரலை நான்கு தடவை வைத்தால் பின்னால் வரிசை கேட் வரைக்கும் நிற்கும். அதைவிடப் பெரிய காரணம், கார்டு தொலைந்தால் புதுசு கொடுக்கலாம், திருடு போன ரேகைக்கு மாற்று கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம்மை நம்பி வந்தவர்களின் ரேகையை வேறு எவருடைய சர்வரிலோ ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டிய பொறுப்பையும் நம் மேல்தான் வைக்கிறது. போன் வழியாகத் திறக்கிற வசதியை ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

கிளவுட்டில் பயப்பட வேண்டிய இடம் அட்மின் பாஸ்வேர்டு. 2021 மார்ச்சில், கேமராவும் கதவுப் பூட்டும் கிளவுட்டில் நடத்துகிற வெர்காடா என்ற அமெரிக்க கம்பெனியின் சூப்பர் அட்மின் கணக்கு வெளியாள் கையில் கிடைத்தது. ஆஸ்பத்திரி, ஜெயில், ஸ்கூல் என்று சுமார் 1,50,000 கேமராக்களை அவர்களால் பார்க்க முடிந்தது. நம் ஊர் வழக்கத்தில் ஒரே லாகினை ஆபீசில் நான்கு பேர் வைத்துக்கொள்வது, மாட்டிக் கொடுத்த ஏஜென்சியும் அதையே வைத்திருப்பது சகஜம். எங்களிடம் ஆளுக்கொரு லாகின், இரண்டாவது சரிபார்ப்புக்கு ஓடிபி ஆப். ஏஜென்சி கணக்கு வேலை இருக்கிற அன்றைக்கு மட்டும் திறக்கும். யார் எந்த நேரத்தில் யாருக்குக் கதவு கொடுத்தார்கள் என்ற பதிவை மாசக் கடைசியில் நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

செலவு பற்றி. பெட்டி, பூட்டு, வயர் ஒரு தடவைச் செலவு. கதவுக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கட்டுகிற சந்தா நிற்கவே நிற்காது. ஒரே கட்டடம், இருபது முப்பது பேர், ஆள் அதிகம் மாறாத இடம் என்றால் கிளவுட் வேண்டியதில்லை. நல்ல கார்டோடு தனி மெஷின் போதும். பல இடம், மாறிக்கொண்டே இருக்கிற ஆட்கள், ஆடிட் இந்த மூன்றும் இருக்கிற எங்களுக்கு அந்தப் பணம் நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போது ரினியூவல் பேச்சு நடக்கிறது. சந்தா கட்டாவிட்டால் கதவு கடைசியாக இருந்த பட்டியலோடு தொடர்ந்து ஓடுமா, எங்கள் பதிவை எல்லாம் எக்செல்லில் எடுத்துக்கொள்ளலாமா, கன்ட்ரோலரில் வேறு கம்பெனி சாஃப்ட்வேர் ஏறுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க ஸ்மார்ட் ஹோம் கம்பெனி முன்கூட்டிச் சொல்லாமலே சர்வரை நிறுத்திவிட்டது; காசு கொடுத்து வாங்கியவர்களின் ஆப் ஒரே நாளில் ஊமையாகிப்போனது. முதல் இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்திருக்கிறது, மூன்றாவதுக்கு இன்னும் இழுத்தடிக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் நல்ல தள்ளுபடி தருகிறார்கள்தான். ஒரு வருஷத்துக்கு மட்டும் போடலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.