ஓஎம்ஆர் ஃபிளாட் சைட் விசிட்: காபிக்கு 5 ஸ்டார், மத்ததுக்கு 2

போன ஞாயித்துக்கிழமை சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு புது ஃபிளாட் பிராஜெக்ட் பாக்க போனோம், பில்டர் பேரு வேணாம் விடுங்க. கார் அனுப்பி கூட்டிட்டு போனாங்க, ஃபில்டர் காபி நிஜமாவே சூப்பர், மாடல் ஃபிளாட் ஏசிய விட்டு என் பையன் வெளிய வர மாட்டேன்னு ஒரே அடம்.

நானும் வீட்டுக்காரரும் ஐடி, ரெண்டு பேருக்கும் சேத்து கைக்கு மாசம் 2.6 லட்சம் வருது. அத கேட்டதும் சேல்ஸ் தம்பி "உங்க சம்பளத்துக்கு இது ஜுஜுபி மேடம்"னுட்டாரு. 3 பிஹெச்கே, 1,550 சதுர அடி, ஒரு அடி 8,500. கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ், கார்பஸ் (பராமரிப்புக்கு மொத்தமா வாங்கற டெபாசிட்)னு ஏத்தி ஏத்தி 1.40 கோடி. கார்பெட் ஏரியா, அதான் சுவருக்குள்ள நாம நிஜமா புழங்கற இடம், எவ்ளோன்னு மூணு தடவ கேட்டப்புறம்தான் 1,060ன்னு வாய தொறந்தாரு.

உருப்படியா பேசுனது அங்க டேபிள் போட்டு ஒக்காந்திருந்த பேங்க் அக்கா மட்டும்தான். 75 லட்சத்துக்கு மேல லோன் போனா வீட்டு விலையில 75% தான் தர முடியும், அது ரிசர்வ் பேங்க் ரூல். அப்போ லோன் 1.05 கோடி, நம்ம கைய விட்டு 35 லட்சம். கட்டிட்டு இருக்கற வீடுங்கறதால ஜிஎஸ்டி 5%, அது 7 லட்சம். பத்திரச் செலவு 7%னு வச்சா இன்னொரு 9.8 லட்சம், இந்த ரெண்டுக்கும் லோன் கிடையாது. ஆக ஒரு கபோர்டு கூட அடிக்காம கிட்டத்தட்ட 52 லட்சம் ரொக்கமா வேணும். எங்க கிட்ட பிஎஃப் எல்லாம் சொரண்டுனாலும் 23 லட்சம்தான் தேறும், வாடகை 34 ஆயிரம், பிளே ஸ்கூல், கார் லோன், அத்தை மருந்து செலவு போக மிச்சம் புடிச்சது அவ்ளோதான்.

இஎம்ஐ 8.5%ல 20 வருஷத்துக்கு 91 ஆயிரம். ரெண்டு சம்பளம் இருக்கற வரைக்கும் கட்டிடலாம், ஆனா சாவி கைக்கு வர மூணு வருஷம் ஆகும், அது வரைக்கும் வாடகையும் கட்டி ப்ரீ இஎம்ஐயும் (அதுவரைக்கும் பேங்க் குடுத்த பணத்துக்கு வட்டி மட்டும்) கட்டணும், நாங்க வருமான வரில நியூ ரெஜிம்ல இருக்கறதால குடியிருக்கற வீட்டு வட்டிக்கு அந்த 2 லட்சம் வரி கழிவும் கெடையாது. எங்கப்பா ஒத்த சம்பளத்துல, அம்மா வளையல அடகு வச்சு குரோம்பேட்டைல வீடு கட்டுனவரு, இந்த கணக்க காட்டுனா சிரிக்கறாரு. ஒருத்தர் வேல போனா என்ன பண்றதுன்னு சேல்ஸ் தம்பிய கேட்டேன், "பாசிட்டிவா திங்க் பண்ணுங்க மேடம்"ங்கறாரு.

முக்கியமா ஒன்னு, அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடியே 20% கட்ட சொன்னாங்க. ரெரா, அதான் வீடு வாங்கறவங்கள பாதுகாக்கற ரியல் எஸ்டேட் சட்டம், அதுப்படி 10%க்கு மேல வாங்கக்கூடாது, அத சொன்னதும் தம்பி மேனேஜர கூப்புட போனவரு திரும்பி வரவே இல்ல.

இப்போ தெனம் ரெண்டு கால் வருது, லான்ச் ஆஃபர் இன்னிக்கோட முடியுதாம், எட்டு நாளா முடிஞ்சிட்டே இருக்கு. பேங்க் அக்கா நம்பர் மட்டும் சேவ் பண்ணி வச்சிருக்கேன்.