பயிற்சியில் காயமடைந்த கேடட்டுகளுக்கு இ.சி.எச்.எஸ். அட்டை: ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

இராணுவப் பயிற்சியின்போது காயமடைந்து, மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்ட கேடட்டுகளையும், அதாவது படை அலுவலராவதற்குப் பயிற்சி பெற்றவர்களையும், முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் (இ.சி.எச்.எஸ்.) சேர்த்துக்கொள்ள மத்திய அரசு 2025 ஆகஸ்ட் மாத இறுதியில் ஒப்புதல் அளித்தது. தடை தாண்டும் பயிற்சியில் உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட என் தம்பி, இப்போது அந்த இ.சி.எச்.எஸ். அட்டையில்தான் சிகிச்சை பெறுகிறான். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எங்கள் அனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

இத்திட்டம் 2003-ஆம் ஆண்டிலிருந்தே இருந்தாலும், கேடட்டுகளுக்கு அதன் கதவு மூடியே இருந்தது. கடக்வாஸ்லாவிலோ டேராடூனிலோ சென்னைப் பரங்கிமலையிலோ உள்ள படைப் பயிற்சிக் கழகங்களில் பயிற்சி பெறும் ஒருவர், தோளில் நட்சத்திரம் ஏறும் நாளுக்கு முன்பே ஊனமுற்றால், அவர் அலுவலராகப் பணியில் சேரவே இல்லை என்பது விதி. பணியில் சேராதவர் முன்னாள் படைவீரரும் ஆக முடியாது. பயிற்சியில் காயமடையும் சாதாரண சிப்பாய்க்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. கேடட்டுக்கு அது இல்லை. 1985 முதல் ஏறத்தாழ 500 கேடட்டுகள் இப்படி வீடு திரும்பியிருப்பதாக வெளிவந்த செய்தியைக் கண்டு, உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்ட பிறகே இந்த அட்டை எங்கள் கைக்கு வந்தது.

சேவையைப் பொறுத்தவரை, அட்டையின் பெரிய நன்மை மருத்துவமனைச் செலவில் தெரிகிறது. ஓய்வுபெற்ற அலுவலர்கள் ஒருமுறை கட்டும் 1.20 லட்சம் ரூபாய் சந்தா கேடட்டுகளுக்குத் தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது. திட்டத்தின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, அவர் தரும் பரிந்துரையுடன் திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குச் சென்றால், அனுமதியும் அறுவை சிகிச்சையும் பணம் கட்டாமலே நடக்கின்றன. படுக்கைப்புண் ஆழமாகி தம்பியைச் சேர்க்க வேண்டி வந்தபோது, முன்பணம் கேட்காமல் படுக்கை ஒதுக்கினார்கள். இதற்கு முன் இதே புண்ணுக்காக அம்மா வளையல்களை அடகு வைத்திருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே, வேறு அரசு மருத்துவத் திட்டம் எதிலும் இல்லாத கேடட்டுகள் ஒரு நாளும் தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாங்கள் செல்லும் பாலிகிளினிக்கில் முதல் நாள் பதிவுக்காக நின்றபோது, முகப்பில் இருந்த பெரியவர், தாமும் ஓய்வுபெற்ற சுபேதார்தான், மிகுந்த அன்போடு, "தம்பி எந்த ரெஜிமென்ட்மா?" என்று கேட்டார். தம்பிக்கு ரெஜிமென்ட் கிடையாது. படிவத்தில் பதவி, படைப்பிரிவு, ஓய்வுபெற்ற நாள் என்று கேட்கப்பட்ட கட்டங்களில் எதை எழுதுவது என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. அரசாணையின் நகலை நாங்களே கொண்டுபோனதால் அன்றே வேலை முடிந்தது. மருந்தகத்தில் வேறொரு சிக்கல். மாத்திரைகள் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர், சிறுநீர்ப் பை, புண்ணுக்குக் கட்டும் துணி போன்றவை பலமுறை கையிருப்பில் இல்லை. இல்லை என்று எழுதி வாங்கி, வெளியில் பணம் கொடுத்து வாங்கி, பிறகு ரசீதுகளைச் சேர்த்துத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் கதீட்டர் என்பது தவணை தள்ளிப்போடக்கூடிய பொருள் அல்ல. ஒரு நாள் தாமதித்தால் மறுநாள் காய்ச்சலும் தொற்றும் வந்து நிற்கின்றன.

மருத்துவமனைக்கு வெளியேதான் இந்த நோயின் பெருஞ்செலவு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தம்பியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவில் அதை அப்பா செய்கிறார், அவருக்கு வயது அறுபத்தாறு. காற்றுப்படுக்கை, மின்தடைக்கு இன்வெர்ட்டர், பகலில் ஓர் உதவியாளர் என்று செலவு நீள்கிறது. இவற்றுக்கு அரசு தரும் தொகை, மாதம் 9,000 ரூபாய் கருணைத்தொகையும், முழு ஊனத்துக்கு 16,200 ரூபாயும் (ஊனம் குறைந்தால் அந்த விகிதத்தில் இதுவும் குறையும்), மருத்துவக் குழு பரிந்துரைத்தால் உதவியாளருக்கென 6,750 ரூபாயும் ஆகும். கடைசியாகச் சொன்ன தொகை எங்கள் ஊரில் உதவியாளருக்குப் பத்து நாள் கூலியைத்தான் ஈடுகட்டுகிறது. பயிற்சிக் காலத்தில் அவனுக்குக் கிடைத்த உதவித்தொகை மாதம் 56,100 ரூபாய் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டுக்காக ஓடி விழுந்தவனுக்குத் தரும் பணத்தைக் கருணை என்று அழைப்பது என் மனத்தை வருத்துகிறது. அது ஈட்டுத்தொகை, அவனுக்கு உரியது. கேடட்டுகளுக்குக் குழுக் காப்பீடும், தொகை உயர்வும், செய்யக்கூடிய மேசைப் பணிகளும் பற்றி யோசிக்குமாறு நீதிமன்றம் அரசிடம் கூறியிருக்கிறது. தம்பிக்குக் கைகள் நன்றாக இயங்குகின்றன, கணினி வேலை தெரியும்; அந்த மூன்றாவது யோசனைக்காகவே அவன் காத்திருக்கிறான்.

விண்ணப்பிப்பவர்கள், பயிற்சிக் கழகம் தந்த விடுவிப்புக் கடிதத்தையும் மருத்துவக் குழுவின் அறிக்கையையும் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலப்படிகளை எவரிடமும் விட்டுவர வேண்டாம். ஊனத்தின் விகிதம் அந்த அறிக்கையில் உள்ளபடியே எல்லா இடங்களிலும் பதிவாகிறதா என்பதைப் பதிவு மேசையிலேயே நின்று படித்துப் பாருங்கள். எங்களுக்கு அதில் ஓர் இலக்கம் தவறாகப் பதிவாகி, திருத்துவதற்கு மூன்று முறை சக்கர நாற்காலியுடன் சென்று வர வேண்டியிருந்தது.