அலாரம் வச்சு பழகுறதா, ஏற்கனவே செய்ற வேலையோட சேர்த்து பழகுறதா?

புதுசா ஒரு பழக்கம் ஆரம்பிக்கணும்னா நிறைய பேர் முதல்ல போன்ல அலாரம் தான் வைப்பாங்க, காலைல 6 மணிக்கு படிப்பு, ராத்திரி 9 மணிக்கு நடைன்னு. இன்னொரு வழி, தினமும் எப்படியும் செய்ற ஒரு வேலைக்கு பின்னாடியே புது பழக்கத்தை ஒட்டி வைக்கிறது. பல்லு தேய்ச்சதும் ரெண்டு பக்கம் படிக்கிறது, ஆபீஸ்ல லேப்டாப் திறந்ததும் மெயில் பாக்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு முக்கியமான வேலையை ஒரு வரில எழுதி வைக்கிறது, இந்த மாதிரி.

என் ஓட்டு ரெண்டாவதுக்கு தான். அலாரம் அடிக்கும்போது நீங்க மீட்டிங்ல இருக்கலாம், பஸ்ல இருக்கலாம், ஆஃப் பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அவ்ளோதான், ஆனா பல்லு தேய்க்கிறது எப்பவும் ஒரே இடத்துல தானே நடக்குது. ஷிப்ட் மாறி மாறி வேலை பாக்குறவங்களுக்கு இது ரொம்பவே உதவும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999லயே, இது நடந்தா நான் இதை செய்வேன்னு முன்கூட்டியே முடிவு பண்றதோட பலனை விளக்கி எழுதியிருக்கார்.

மாத்திரை, அடுத்தவங்களோட சேர்ந்து செய்ற பயிற்சி, இதுக்கெல்லாம் அலாரமே சரி.

எதை எடுத்தாலும், 21 நாள்ல பழக்கம் ஆயிடும்னு சொல்ற கணக்கை நம்பாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வுல (2010ல வெளியானது) ஒரு வேலை தானா வர்ற பழக்கமா மாற நடுத்தரமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரை மாறுச்சு, நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒன்னும் கெடலன்னும் அதுல தெரிஞ்சுது.