பழைய ஸ்விஃப்ட்டுக்கு 15 இஞ்ச் அலாயா, 16 இஞ்ச் அலாயா?

முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் 2005-லிருந்து 2011 வரை வந்தது. அதில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, விடிஐ வண்டிகளுக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14 டயர் (165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் சைட்வால் எனும் பக்கச்சுவரின் உயரம், 14 இஞ்ச் ரிம்), ஸ்டீல் ரிம். வீல் ஆர்ச் அகலம், டயர் ஒல்லி. ஓங்குதாங்கான ஆள் தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம், போடலாம் என்று முடிவானதும் கடையில் இரண்டு செட் காட்டுவார்கள்: 185/65 ஆர்15 அல்லது 195/55 ஆர்16. என் ஓட்டு 15-க்கு. 16 போடவே கூடாது என்பதில்லை. ஆனால் அதன் முழுச் செலவும் கடை பில்லில் இருக்காது.

தோற்றத்தில் 16 ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. வளைவில் வண்டி அலைவது இரண்டிலுமே குறையும், 16-ல் இன்னும் கொஞ்சம். இரண்டிலுமே ஸ்டீயரிங் சற்றுக் கனக்கும், மைலேஜும் லேசாக இறங்கும். அலாய் என்றால் எடை குறைவு என்பதை அப்படியே நம்ப வேண்டாம். விலை குறைந்த வார்ப்பு அலாய் பழைய ஸ்டீல் ரிம்முக்குச் சமமாகவோ மேலாகவோ கனக்கும். கடையில் தராசு இருந்தால் வைத்துப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் கவலையும் வேண்டாம். பழைய டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5, 195/55 ஆர்16 போட்டால் 621. சுமை தாங்கும் குறியீடு பழையதில் 85, அதாவது டயருக்கு 515 கிலோ. 15-க்கு 88-உம் 16-க்கு 87-உம் கிடைக்கும். காகிதத்தில் இரண்டுமே தேறிவிடும்.

பிறகு எங்கேதான் வித்தியாசம்? ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் ரப்பரில். மொத்த உயரம் மாறாமல் ரிம் பெரிதானால் சைட்வால்தான் குறைய வேண்டும். பழைய டயரில் சைட்வால் 132 மி.மீ. 15-ல் அது 120 ஆகிறது, 16-ல் 107. இரண்டு விரல்கடைக்குக் கொஞ்சம் குறைவான இந்த 25 மி.மீ.தான் இதுவரை குழிகளில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றி வந்தது.

அறுபதில் போகும்போது விளிம்பு கூர்மையான குழியில் இறங்கினால் டயர் நசுங்கி, ரிம்மின் உள்பக்க உதடு நேராக அடி வாங்கும். வெளிப்பக்கத்தை ஸ்போக் தாங்கிப் பிடிக்கும். உள்பக்கத்துக்கு அந்தத் துணை கிடையாது. அதனால் அலாய் பெரும்பாலும் உள்ளேதான் வளையும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங் நடுக்கம், வாரா வாரம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்குவது, பேலன்சிங்கில் ஒரே வீலுக்கு ஈயம் ஈயமாக ஒட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள். ஸ்டீல் ரிம் வளைந்தால் சுத்தியலால் தட்டி நேராக்கலாம். அலாயைச் சூடுபடுத்தி, அழுத்திப் பெண்ட் எடுப்பார்கள். வார்ப்புக்குப் பிறகு ரிம்முக்குக் கொடுத்திருக்கும் வெப்பப் பதம் அந்தச் சூட்டில் அங்கே இறங்கிவிடும். அடுத்த அடியில் அதே இடம் சீக்கிரம் வளையும், அல்லது கீறல் விடும். ஸ்போக்கிலோ நட்டு ஓட்டைகளைச் சுற்றியோ கீறல் விழுந்தால் வெல்டிங் பேச்சுக்கே இடமில்லை, அந்த ரிம் பழைய இரும்புக் கடைக்குத்தான். டயருக்கும் இதே கதை: சைட்வாலில் கட்டி வந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். எந்தப் பஞ்சர் கடையாலும் அதைச் சரி செய்ய முடியாது.

பழைய வண்டிக்கு இது இரட்டைச் சுமை. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட் என்று சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் தேய்ந்திருந்தாலும் தடித்த சைட்வால் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. 16 போட்ட மறுவாரமே லொடலொடவென்று சத்தம் கிளம்பும். வீல் செய்த குற்றம் என்று நினைப்போம்; அது பழைய பாக்கி. ஆகவே வீல் வாங்கும் முன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ போயிருக்கிறது. இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் எண்ட். அதை மாற்றிவிட்டுத்தான் வீல் பக்கம் போக வேண்டும்.

15-க்கு இன்னொரு வசதியும் உண்டு. அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ-க்கு மாருதியே 185/65 ஆர்15 கொடுத்தது. அதன் அலாயில் நான்கு நட்டு, அவை நிற்கும் வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. மூன்றும் பழைய ஸ்விஃப்ட்டின் ஹப்புக்கு (வீல் மாட்டும் நடுப்பாகம்) அப்படியே பொருந்தும். புது வண்டி வாங்கிய கையோடு பெரிய வீல் மாட்டுகிறவர்கள் கழற்றிப்போட்ட கம்பெனி அலாய்கள் விற்பனைக்கு வரும். சென்னையில் புதுப்பேட்டையில் தேடலாம். வாங்கும் முன் டயர் இல்லாமல் பேலன்சிங் மிஷினில் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். 195/55 ஆர்16 பலேனோ ஆல்ஃபாவின் அளவு, டயர் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் விலை 15-ஐவிட ஒரு படி மேலே. நான்கு டயர் மாற்றும் நாளில் அது உறைக்கும்.

வெளிக்கடை அலாய் என்றால் இரண்டு எண்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. உதாரணமாக, 5 இஞ்ச் அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 6.5 இஞ்ச் அகலம், 38 ஆஃப்செட் போட்டால் வெளிவிளிம்பு 26 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 12 மி.மீ. உள்ளே போகும். வெளியே வந்தால் ஃபெண்டரில் உரசும், பேரிங்குக்கும் சுமை. 15-க்கு 5.5 அல்லது 6, 16-க்கு 6 இஞ்ச் அகலம் போதும். இரண்டாவது நடு ஓட்டை. வெளிக்கடை வீலில் அது பெரும்பாலும் 73.1 மி.மீ. இருக்கும். 54.1-க்கு இறக்கும் ஹப் ரிங் போடாவிட்டால் எண்பதைத் தாண்டியதும் நடுக்கம் வரும், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது. ரிம்மின் பின்னால் ஜே.டபிள்யூ.எல். (ஜப்பானிய அலாய் தர) முத்திரையும் தாங்கும் எடையும் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும் நாளில் அவசரப்படுத்த வேண்டாம். ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். நட்டுகளைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டு, எதிரெதிராக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் ஏர் கன்னில் கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், கையேடு சொல்லும் அளவுக்கு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. பிறகு டயரின் தோள்பட்டையில் சாக்பீஸ் தடவி, பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். சாக் அழிந்த இடத்தில் உரசுகிறது. 16-க்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. காற்று 32, 33 பிஎஸ்ஐ. 30-க்குக் கீழே விட்டால் சைட்வாலில் மிச்சமிருக்கும் பாதுகாப்பும் போய்விடும்.

பழைய ஸ்டீல் வீல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். ஃபெண்டரைத் தாண்டி நிற்கும் டயருக்கு அங்கே கேள்வி வரும். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அலாயைத் துணைப்பொருளாகச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். சொல்லாத பொருளுக்கு க்ளெய்மில் தகராறு.

ஸ்டெப்னியாகப் பழைய 14 இஞ்ச் வீலே போதும். உயரம் இரண்டு மி.மீ.கூட வித்தியாசமில்லை; பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போய்ச் சேரலாம். ஆனால் அலாய்க்கு ஒல்லியான சாவி நட்டு (தனிச் சாவி போட்டால்தான் கழலும்) போட்டிருந்தால் அந்தச் சாவியையும் ஸ்டீல் ரிம்முக்கான நாலு பழைய நட்டையும் டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள். சாவி வீட்டு அலமாரியில் இருந்தால் நடுராத்திரி பைபாஸில் வீலைக் கழற்றவே முடியாது.