துனிசியாவின் வழியா, மொராக்கோவின் வழியா?

அரபு நாடுகளில் மதத்தையும் ஆட்சியையும் பொருத்துவது பற்றிப் பேசுவோர் துருக்கியையே காட்டுகிறார்கள். அதுவோ அரபு நாடே அல்ல. 1956 மார்ச்சில் விடுதலை பெற்ற வட ஆப்பிரிக்க அரபு நாடுகளான துனிசியாவும் மொராக்கோவுமே ஒப்பிடத் தக்கவை.

வேகம்: துனிசியாவில் விடுதலைக்குப் பின் ஆட்சிக்கு வந்த தலைவர் ஹபீப் பூர்கிபா அதே ஆண்டு ஆகஸ்டில் பலதார மணத்தைத் தடைசெய்தார். மொராக்கோ 2004இல்தான் குடும்பச் சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தியது. அப்போதும் பலதார மணத்தை நீதிமன்ற அனுமதிக்கு உட்படுத்தியதோடு நின்றுகொண்டது.

மக்களின் ஏற்பு: வறுமைக்கு எதிரான போரும் ஜிகாதே (மதப் போரே) என்பதால் போரிடுவோரைப் போல உழைப்போரும் ரமலான் நோன்பை விடலாம் என்று 1960இல் பூர்கிபா வாதிட்டார்; மக்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. வாதம் மதத்தின் மொழியிலேயே அமைந்ததால், அவரை முழு மதச்சார்பின்மையாளர் என்பதும் பொருந்தாது. மொராக்கோ மன்னருக்கு இத்தகைய வாதம் தேவைப்படவில்லை. 'நம்பிக்கையாளர்களின் தலைவர்' என்ற பட்டத்தை அரசியலமைப்பே அவருக்கு வழங்குகிறது.

நீடிப்பு: 1987இல் பூர்கிபா பதவியிழந்தார்; 2011 தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா முதலிடம் பெற்றது; அப்போதும் பலதார மணத் தடை நிலைத்தது. மொராக்கோவில் இஸ்லாமியக் கட்சி 2011 முதல் பத்தாண்டுகள் அரசுக்குத் தலைமை தாங்கியபோதும் மத அதிகாரம் மன்னரிடமே இருந்தது.

பெண்ணுரிமைச் சட்டம் விரைவாக வேண்டுவோருக்குத் துனிசியாவும், பெரும் எதிர்ப்பின்றி மெல்ல நகர விரும்புவோருக்கு மொராக்கோவும் பொருந்தும். ஆட்சியாளரை அச்சமின்றி விமர்சிக்கும் உரிமையைத் தேடுவோருக்கு இரண்டுமே போதாது.